பேஜ்மேக்கர் எனக்கு அக்கா முறை

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு முடிவு வந்த அன்றே பிள்ளைகளிடம் இரண்டு விசாரணைகள் நடக்கும். எவ்வளவு மார்க் என்பது முதல் விசாரணை. எந்தக் குரூப் என்பது இரண்டாவது. முதல் கேள்விக்குப் பிள்ளை பதில் சொல்லலாம். இரண்டாவது கேள்விக்கான பதிலைச் சொந்தக்காரர்கள் முன்பே முடிவு செய்து வைத்திருப்பார்கள்.

குரூப்புகளுக்குள் வரிசை உண்டு. கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கும் சேர்ந்தால் ஃபர்ஸ்ட் குரூப். அதில் சேர்ந்த பிள்ளைக்கு அன்று முதல் வீட்டில் தனிச் சட்னி. உயிரியல் போய்க் கணினி அறிவியல் வந்தால் இன்ஜினீயர். காமர்ஸ் என்றால், "பேங்க் பரீட்சைக்கு நல்லது" என்று யாராவது ஆறுதல் சொல்வார்கள். வரிசையின் கடைசியில் இருக்கும் தொழிற்கல்விக்கு ஆறுதலும் கிடையாது. "பரவால்ல விடு" என்பார்கள். அதைச் சொல்லும் முகத்தைப் பார்த்தால் துக்கம் விசாரிக்க வந்தவர் என்றே தோன்றும்.

எங்கள் ஊர் சிவகாசி. நான் பத்தாவது முடித்தது 2018-ல். என்ன மார்க் என்பது எனக்கும் தலைமையாசிரியருக்கும் இடையிலான ரகசியம். மார்க் பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியாக அம்மாவைப் பார்த்தார்.

"வொக்கேஷனல்ல போட்டுரலாம்மா. அதுல கம்ப்யூட்டர் டெக்னாலஜி இருக்கு."

அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. அந்த வாக்கியத்தில் 'கம்ப்யூட்டர்' மட்டும்தான் அவளுக்குக் கேட்டது. "போட்டுருங்க சார்" என்று சொல்லிவிட்டு, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டாள். என் எதிர்காலம் அன்றைய தேதியில் இரண்டே நிமிடங்களில் முடிவானது.

மதுரையிலிருந்து பெரியப்பா போனில் வந்தார். "கம்ப்யூட்டர்னா சயின்ஸா, டெக்னாலஜியா?" என்றார். நியாயமான கேள்விதான். அந்த ஆண்டுதான் பதினொன்றாம் வகுப்புக்குப் புதிய பாடத்திட்டம் வந்திருந்தது. அறிவியல் பிரிவுக்குக் கணினி அறிவியல், காமர்ஸுக்குக் கணினிப் பயன்பாடுகள், எங்களுக்குக் கணினித் தொழில்நுட்பம் என்று ஒரே கணினியை மூன்றாகப் பிரித்திருந்தார்கள். தொடக்கப் பாடங்களைப் புரட்டிப் பார்த்தால் மூன்று புத்தகமும் ஒரே மாவு, தோசைக்கல்தான் வேறு. "டெக்னாலஜி பெரியப்பா" என்றேன். "அப்ப ஐ.டி. கம்பெனிக்குப் போலாம்ல?" என்றார். "வொக்கேஷனல் பெரியப்பா" என்றதும் எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "பரவால்ல விடு" என்றார்.

தொழிற்கல்வி ஒன்றும் நேற்று முளைத்ததில்லை. தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு +2 வந்தது 1978-ல். தொழிற்கல்விப் பிரிவும் அதன் கையைப் பிடித்துக்கொண்டே வந்தது. எல்லோரும் காலேஜுக்குப் போக முடியாது, பள்ளி முடிக்கும்போதே கையில் ஒரு தொழில் இருக்கட்டும் என்பது திட்டம். பொது இயந்திரவியல், மின்சாதனங்கள், நெசவு, செவிலியம், வேளாண்மை என்று நாட்டுக்கு உண்மையிலேயே தேவையான எல்லாம் அதில் உண்டு. மாப்பிள்ளை வீட்டாருக்குத் தேவையானது மட்டும்தான் இல்லை.

பள்ளிக்குள் கணினி நுழைந்த கதையும் பழையதே. 1984-ல் மத்திய அரசு 'கிளாஸ்' என்றொரு திட்டம் கொண்டுவந்து, நாடு முழுவதும் சுமார் 250 பள்ளிகளுக்கு பி.பி.சி. மைக்ரோ என்ற கணினியைக் கொடுத்தது. அதன் நினைவகம் 32 கிலோபைட். இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு 'காலை வணக்கம்' ரோஜாப்பூவை அதற்குள் அடைப்பதே கஷ்டம். எங்கள் பள்ளி லேபில் இருந்த கணினிகள் அவற்றுக்கு நேர் இளையவை என்பது எங்கள் நெடுநாள் சந்தேகம்.

அந்த லேப்தான் பள்ளியிலேயே புனிதமான இடம். தலைமையாசிரியர் அறைக்குள் செருப்போடு போகலாம், லேபுக்குள் முடியாது. ஆயுத பூஜை வந்தால் மானிட்டர்களுக்குச் சந்தனமும் குங்குமமும் உண்டு. ஓரத்தில் வைக்க வேண்டிய பொட்டை, பக்தி மிகுந்த ஒருவன் திரைக்கு நடுவிலேயே வைத்துவிட்டான். சாமி பொட்டை அழிக்கக் கூடாது என்று ஒரு கட்சி, அழிக்கலாம் என்று ஒரு கட்சி. முடிவு எட்டப்படாததால் தை பிறக்கும்வரை நாங்கள் தயாரித்த எல்லாச் சம்பளப் பட்டியல்களிலும் நான்காவது வரிசை ஊழியருக்கு மட்டும் மங்களகரமாக ஒரு பொட்டு இருந்தது.

ஒரு கணினிக்கு மூன்று பேர். ஒருத்தி மவுஸ் பிடிப்பாள், ஒருத்தி கீபோர்டு தட்டுவாள், மூன்றாவது ஆள் குறை சொல்வாள். வாரம் ஒருமுறை பொறுப்பு மாறும். நான் மூன்றாவது வேலையில் நல்ல தேர்ச்சி பெற்றேன். பின்னாளில் தொழிலில் அதிகம் உதவியதும் அதுதான்.

கரண்டு போனால் யு.பி.எஸ். கத்தும். எங்கள் யு.பி.எஸ்ஸில் இருந்த பேட்டரி கத்துவதற்கு மட்டுமே சரியாக இருந்தது, கணினியைத் தாங்க அதில் மிச்சமில்லை. அதனால் சேவ் செய்வது எங்களுக்கு அனிச்சைச் செயலாகிவிட்டது. இன்றும் இரண்டு வரி அடித்தால் என் இடக்கை தானாகக் கன்ட்ரோல் எஸ்ஸுக்குப் போகும். ஐ.டி. கம்பெனிகளில் இந்தப் பழக்கத்தை வரவழைக்கத் தனிப் பயிற்சி கொடுக்கிறார்களாம். எங்களுக்கு மின்வாரியம் இலவசமாகவே கொடுத்தது.

கம்ப்யூட்டர் சார் நல்லவர். பாடம் நடத்த வேண்டும் என்ற ஆசை அவருக்கு நிறைய இருந்தது. பள்ளிதான் விடவில்லை. மாணவர் விவரங்களை 'எமிஸ்' இணையதளத்தில் ஏற்றும் வேலை அவருடையது. அது போக மைக் செட் கரகரத்தாலும், மணி அடிக்காவிட்டாலும், தலைமையாசிரியரின் போனில் பேத்தி ஏதாவது அமுக்கி மொழி மாறிவிட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவருக்குப் பிளக் வைத்த எல்லாமே தெரியும் என்று ஊர் நம்புகிறது. ஒருநாள் சத்துணவுக் கூடத்து கிரைண்டருக்காகக் கூப்பிட்டார்கள். போனார். அதையும் சரிசெய்துவிட்டார் என்பதுதான் சோகம். அதற்குப் பிறகு அவரை லேபில் பார்ப்பது இன்னும் அரிதாகிவிட்டது.

புத்தகம் சார்லஸ் பாபேஜிலிருந்து தொடங்கியது. அவர் கணினியின் தந்தை. 1871-ல் கண்மூடும்வரை அவரால் தன் பெரிய இயந்திரங்களில் ஒன்றைக்கூட முழுசாகக் கட்டி முடிக்க முடியவில்லை. அவர் விட்டுப்போன வரைபடத்தைக் கொண்டு லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் 1991-ல் ஒன்றைக் கட்டிப் பார்த்தபோது அது சரியாகவே கணக்குப் போட்டது. ஓடுகிற கணினி ஒன்றைக்கூடப் பார்க்காமலே ஒருவர் கணினிக்குத் தந்தையாக முடியுமென்றால், அதைத் தொடாமலே நாங்கள் பாஸாகக் கூடாதா? பாடத்திட்டமும் அதே கருத்தில்தான் இருந்தது. நூறு மதிப்பெண்ணில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. கணினியைப் பற்றிப் பேசினால் எழுபது, அதைத் தொட்டால் இருபது, ஒழுங்காக வகுப்புக்கு வந்து போனால் பத்து.

எச்.டி.எம்.எல். பாடத்தைப் பேனாவால் கற்றோம். விடைத்தாளில் கோணக்குறி போட்டுத் திறந்து, சாய்கோடு போட்டு மூட வேண்டும். மூட மறந்தால் அரை மார்க் போச்சு. பின்னாளில்தான் ஒன்று கவனித்தேன்: பத்திக் குறியை நாம் மூடாவிட்டால், உலகத்திலுள்ள எந்த பிரௌசரும் "சரி, பிள்ளை மறந்திருக்கும்" என்று தானே மூடிக்கொண்டு பக்கத்தைக் காட்டிவிடுகிறது. கருணை உள்ள மென்பொருள். விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு அந்த மென்பொருள் இன்னும் போய்ச் சேரவில்லை.

ரெக்கார்டு நோட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் லேபின் கதை முடியாது. வலப்பக்கம் கோடு போட்டது, அதில் செய்முறையை எழுத வேண்டும். இடப்பக்கம் வெள்ளை, அதில் கணினி கொடுத்த விடையின் பிரிண்ட் அவுட்டை ஒட்ட வேண்டும். லேபில் பிரிண்டர் இருந்தது, இங்க் இல்லை. ஆகவே திரையில் வந்ததைப் பார்த்துப் பென்சிலால் வரைந்தோம். ஸ்கேல் வைத்து ஜன்னல் கட்டம், மேலே மூலையில் பெருக்கல் குறி, அதன் பக்கத்தில் குட்டிச் சதுரம், கீழே ஸ்டார்ட் பட்டன், வலது ஓரத்தில் மணி. எல்லோர் நோட்டிலும் மணி 11.20. முதலில் வரைந்தவளைப் பார்த்து வகுப்பே வரைந்ததில் ஏற்பட்ட ஒற்றுமை அது. கணினி வந்தால் காகிதம் ஒழியும் என்று யாரோ சொன்னார்களாம். கணினியையே காகிதத்தில் வரைந்த தலைமுறை நாங்கள்.

செய்முறைத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து எக்ஸ்டர்னல் வந்தார். வைவாவில் என் பக்கத்து இருக்கைப் பையனிடம், "கம்ப்யூட்டரை எப்படி ஷட் டவுன் பண்ணுவ?" என்று கேட்டார்.

"தானா ஆயிரும் சார்."

"தானாவா? எப்படி?"

"கரண்டு போகும் சார்."

எக்ஸ்டர்னல் சிரித்துவிட்டு மார்க் போட்டார். அவரும் ஏதோ அரசுப் பள்ளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

+2-வில் பேஜ்மேக்கர் வந்தது. புத்தகம், பத்திரிகை, அழைப்பிதழ் எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக அமைக்கும் மென்பொருள். 1985-ல் ஆல்டஸ் என்ற நிறுவனம் உருவாக்கியது. மேசைமேல் ஒரு கணினியை வைத்துக்கொண்டு அச்சுக்கூட வேலையையே செய்துவிடலாம் என்று உலகத்துக்குக் காட்டியதில் அதற்குப் பெரிய பங்குண்டு. 1994-ல் அடோபி நிறுவனம் ஆல்டஸை வாங்கியது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7.0, வெளிவந்தது 2001-ல். அதன் இடத்துக்கு இன்டிசைன் என்ற வாரிசைக் கொண்டுவந்து, இனி இதில் புதிதாக எதுவும் செய்வதில்லை என்று அந்த நிறுவனமே கையை விரித்துவிட்டது. நான் பிறந்தது 2002-ல். ஆக, 2019-ல் நான் புத்தம் புதிய பாடத்திட்டத்தில் படித்த மென்பொருள் எனக்கு ஓராண்டு மூத்தது. பேஜ்மேக்கர் எனக்கு அக்கா முறை.

இந்தச் சேதி பெரியப்பா மகனுக்குத் தெரிந்தது. அவர் சென்னையில் இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு. "அதெல்லாம் இன்னும் இருக்கா? மியூசியத்துலகூட எடுத்துருப்பாங்களே" என்று சிரித்தார். வொக்கேஷனல் என்றாலே இப்படித்தான், காலாவதியானதைக் கொடுத்து ஏமாற்றுகிறார்கள் என்று அரைமணி நேரம் எனக்காக வருத்தப்பட்டார். அவருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. நான் படித்தது சிவகாசியில்.

சிவகாசி என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பட்டாசுதான் ஞாபகம் வரும். ஊருக்குத் தொழில் வந்த வழி தீப்பெட்டி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு திரும்பியது 1923-ஐ ஒட்டி. தீப்பெட்டிக்கு மேல் ஒட்ட லேபிள் வேண்டும், வெடிப் பாக்கெட்டுக்கும் வேண்டும். லேபிளை வெளியூரில் அடித்து வாங்குவானேன் என்று பிரஸ் வைத்தார்கள். வைத்த பிரஸ் லேபிளோடு நிற்குமா? காலண்டர், டைரி, நோட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று வளர்ந்தது. இன்று எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஆஃப்செட் மெஷின் ஓடும் சத்தம் கேட்கும். எங்கள் ஊர்க் குழந்தைகள் தூங்க அந்தச் சத்தம் வேண்டும், மெஷின் நின்றால் விழித்துக்கொள்ளும்.

அரையாண்டு விடுமுறையில் ஒரு டி.டி.பி. கடைக்குப் பழகப் போனேன். கடைக்கார அண்ணாச்சி இரண்டே கேள்விகள் கேட்டார்.

"பாப்பா, பேஜ்மேக்கர் தெரியுமா?"

"செவன் பாயிண்ட் ஓ தெரியும் அண்ணாச்சி."

"தமிழ் டைப்ரைட்டிங்?"

"லோயர் முடிச்சிருக்கேன்."

"உக்காரு."

உட்கார்ந்தேன். எதிரே விண்டோஸ் எக்ஸ்பியின் பச்சைப் புல்வெளி. அதற்கு நடுவில் பேஜ்மேக்கர் 7.0, எங்கள் புத்தகத்தில் படம் போட்டிருந்த மாதிரியே. பத்து வருஷத்து வாடிக்கையாளர்களின் ஃபைல்கள் அத்தனையும் அதில்தான். இன்டிசைனுக்கு மாறினால் அவ்வளவையும் ஒவ்வொன்றாக மாற்றிச் சரிபார்க்க வேண்டும். அண்ணாச்சி ஏன் மாறுவார்? அடோபி கைவிட்ட பேஜ்மேக்கரைச் சிவகாசி தத்தெடுத்து வளர்த்துக்கொண்டிருந்தது. நாட்டிலேயே தாமதமான பாடத்திட்டம் எங்கள் தெருவுக்கு மட்டும் கச்சிதமாக நேரத்துக்கு வந்து சேர்ந்திருந்தது.

புத்தகத்தில் தமிழ்க் கணிமைக்கு ஒரு பாடம் உண்டு. யூனிகோடு பற்றி அதில் படித்திருந்தேன். 1991-ல் யூனிகோடின் முதல் பதிப்பு வந்தபோதே தமிழுக்கு அதில் இடம் கிடைத்துவிட்டது. 2010-ல் தமிழக அரசும் ஏற்றுக்கொண்டது. எந்தக் கணினியில் திறந்தாலும் தமிழ் தமிழாகவே தெரியும், அருமையான ஏற்பாடு. அதை நம்பி அண்ணாச்சியிடம் யூனிகோடு என்று வாயைத் திறந்தேன். "அது இங்க கட்டம் கட்டமா வரும்" என்றார். உண்மைதான். பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. கடையில் நடந்தது பாமினியின் ஆட்சி.

பாமினி ஒரு எழுத்துரு. அதன் சூட்சுமம் எளிது. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, மேலே போர்த்தியிருப்பது தமிழ் உருவம். 'தமிழ்' என்று அடித்தால் கணினியின் மனசுக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு இருக்கும்வரை கவலையில்லை. அது இல்லாத கணினிக்கு ஃபைல் போனால் போர்வை விலகி உள்ளே இருப்பது வெளியே தெரிந்துவிடும். ஒருமுறை வேறு கடையிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை ஃபைலைக் கொண்டுவந்தார்கள். திறந்தால், பிள்ளையார் படம் சரியாக இருக்கிறது, குத்துவிளக்கு சரியாக இருக்கிறது, மணமக்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும். பெண்ணின் அப்பா பதறிப்போனார். அண்ணாச்சி எட்டிப் பார்த்து, மூன்றாவது வரியில் விரலை வைத்து, "மாப்பிள்ளை பேரு முருகேசனா?" என்றார். எழுத்துரு இல்லாமலே பாமினியைப் படிக்கத் தெரிந்த மனிதர். அவர் எந்தக் குரூப்பும் படித்ததில்லை, எட்டாவதோடு நின்றவர்.

கல்யாணப் பத்திரிகைதான் எனக்கு உண்மையான பல்கலைக்கழகம். 'நிகழும் மங்களகரமான விகாரி வருடம்' என்ற முதல் வரியில் யாருக்கும் சண்டை வராது. அதற்குக் கீழே இறங்க இறங்கத்தான் ஆபத்து. எந்தப் பெரியப்பா பெயர் முதலில், யாருக்கு 'அவர்கள்', யாருக்கு வெறும் 'திரு', காலமானவர் பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' போட்டாயிற்றா, முக்கியமாகத் தாய்மாமன் எந்த வரிசையில் வருகிறார். ப்ரூஃபுக்கு நான்கு பேர் வருவார்கள். நால்வரும் அவரவர் பெயரை மட்டும் படித்துப் பார்த்துவிட்டு "சரியா இருக்கு" என்பார்கள். இரவு பத்து மணிக்குப் போன் வரும். "பாப்பா, தாய்மாமன் இனிஷியல் மு இல்ல, மூ." இதற்குள் அச்சுக்குப் பிளேட் போட்டிருந்தால் அந்தக் கல்யாணத்தில் முதல் அழுகை அண்ணாச்சியுடையது.

பட்டங்களும் முக்கியம். மாப்பிள்ளை பி.இ., பெண் எம்.எஸ்ஸி., பெண்ணின் அண்ணன் பி.இ., அண்ணி பி.இ., எம்.பி.ஏ. தமிழ்நாட்டில் இன்ஜினீயரிங் காலேஜ்கள் ஐந்நூறைத் தாண்டியிருந்த காலத்தின் அறுவடை மொத்தமும் என் மேசைக்கு வந்துதான் அச்சேறியது. அந்தப் பட்டங்களில் எங்கே புள்ளி வர வேண்டும் என்பது வாங்கியவர்களுக்கே சரியாகத் தெரிவதில்லை. +2 தொழிற்கல்விதான் வைத்துக் கொடுத்தது.

நிறமும் கடையில்தான் புரிந்தது. திரை சிவப்பு, பச்சை, நீலத்தைக் கலந்து ஒளியாகக் காட்டுகிறது. அச்சில் இருப்பது சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மை. திரையில் பளீரென்று இருக்கும் கிளிப்பச்சையை இந்த நான்கு மையால் எட்டிப் பிடிக்க முடியாது, காகிதத்தில் பாசிப்பச்சையாக இறங்கிவிடும். இதை எக்ஸ்டர்னலிடம் சொன்னால் மார்க். வாடிக்கையாளரிடம் சொன்னால், "போன்ல நல்லா இருந்துச்சே, நீங்கதான் மையை மிச்சம் பிடிக்கீங்க" என்பார்.

காலண்டர் வேலை அதைவிடப் பயங்கரம். ஆடிப்பெருக்கு அன்று எங்கள் ஊரில் அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பங்களை வெளியிட்டுவிடுவார்கள். உலகம் நடப்பு ஆண்டில் இருக்கும்போது சிவகாசி ஐந்து மாதம் முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். தினசரித் தாளில் ராகுகாலம் திங்களுக்கு ஏழரை முதல் ஒன்பது, செவ்வாய்க்கு மூன்று முதல் நாலரை. இதில் ஒரு காப்பி பேஸ்ட் தவறினால் கொங்கு நாட்டில் ஒரு நிச்சயதார்த்தம், நெல்லையில் ஒரு கடை திறப்பு, தஞ்சையில் ஒரு பத்திரப் பதிவு எல்லாம் இடம் மாறும். மென்பொருளில் பிழை வந்தால் ஐ.டி. கம்பெனிக்காரர் திருத்தி மறுபடி அனுப்பலாம். ஆணியடித்து மாட்டிய காலண்டரை யார் வீடு வீடாகப் போய்த் திருத்துவது? அதனால் அண்ணாச்சி 365 தாளையும் கண்ணால் பார்க்காமல் பிளேட்டுக்கு அனுப்ப மாட்டார்.

அந்த ஆண்டு அரசின் விலையில்லா மடிக்கணினியும் கைக்கு வந்தது. 2011-ல் தொடங்கிய திட்டம். அம்மா அதற்குச் சந்தனம் வைத்து, துண்டில் சுற்றி, பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். அவசரத்துக்கு எடுக்கலாம் என்றாள். நல்லவேளையாக அவசரம் சீக்கிரமே வந்தது. 2020 மார்ச் 24 அன்று +2 தேர்வுகள் முடிந்தன. அன்று மாலை ஆறு மணியிலிருந்து கொரோனாவுக்காக மாநிலம் முழுக்க 144 தடை உத்தரவு. தேர்வு எழுதிய பேனாவை மூடுவதற்குள் ஊரையே மூடிவிட்டார்கள்.

மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் கேட்டார்கள். கல்யாணம், சாவு, வைத்தியம் ஆகியவற்றுக்குத்தான் பாஸ். ஆதார் அட்டை, வண்டி எண், அழைப்பிதழ் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, சொன்ன அளவுக்குச் சுருக்கி ஏற்ற வேண்டும். ஒரு போட்டோவைக் கெட்டுப்போகாமல் இத்தனை கிலோபைட்டுக்குள் சுருக்குவது எப்படி என்று தெரிந்தவர்கள் எங்கள் தெருவில் யார்? பீரோ திறந்தது. ஃபர்ஸ்ட் குரூப் வீட்டுக்காரர்கள் எல்லாம் எங்கள் வாசலில் ஆறடி இடைவெளி விட்டு வரிசையில் நின்றார்கள். அம்மா தீப்பெட்டி ஆபீஸ் சூப்பர்வைசரின் தோரணையில் டோக்கன் கொடுத்தாள்.

அண்ணாச்சி கடைக்கு மட்டும் அப்போது ஒரு விசித்திரம். கல்யாணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடக் கூடாது என்று உத்தரவு. பத்திரிகையில் அடித்த பெயர்களை எண்ணினாலே ஐம்பதைத் தாண்டியது. சட்டப்படி பார்த்தால் மாப்பிள்ளை மண்டபத்துக்கு வெளியேதான் நிற்க வேண்டும். யார் பெயரை எடுப்பது என்று ஒவ்வொரு வீட்டிலும் நடந்த பேச்சுவார்த்தைகளைக் கேட்டபோது, கொரோனாவுக்கு மருந்து கண்டுபிடிப்பது சுலபம் என்று தோன்றியது.

பெரியப்பாவும் போன் செய்தார். மதுரையிலிருந்து திருச்சிக்கு இ-பாஸ் வேண்டும். மகன் முயன்று பார்த்தாராம், படம் ஏறவில்லையாம். "மூணு வருஷமா கம்ப்யூட்டர்தான் படிக்கான், என்னமோ சைஸுங்கான்" என்றார். வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, சுருக்கி, ஏற்றி, விண்ணப்பித்துக் கொடுத்தேன். பாஸ் வந்துவிட்டது. "கெட்டிக்காரிதான்" என்றார். "பரவால்ல விடுங்க பெரியப்பா" என்றேன்.

எங்கள் வகுப்பில் படித்தவர்கள் யாரும் சும்மா இல்லை. இரண்டு பேர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேர்ந்தார்கள், +2 முடித்தவர்களுக்கு அந்த வழி உண்டு. "கரண்டு போகும் சார்" என்று வைவாவில் சொன்னவன் இன்வெர்ட்டர், பேட்டரி கடை வைத்திருக்கிறான். தன் ஆராய்ச்சித் துறையை அவன் அன்றே முடிவு செய்துவிட்டான் போலிருக்கிறது. ஒருத்தி இ-சேவை மையத்தில் இருக்கிறாள். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று மற்ற எல்லாக் குரூப் பிள்ளைகளும் காலேஜில் சேர அவள்தான் விண்ணப்பம் போடுகிறாள். நான் அண்ணாச்சி கடையில் இப்போது இன்டிசைனும் யூனிகோடும் கொண்டுவந்துவிட்டேன். பேஜ்மேக்கரை ஒரேயடியாக அனுப்பவில்லை. அக்காவாயிற்றே, பழைய வாடிக்கையாளர்களுக்காக ஒரு மூலையில் இருக்கிறது.

குறை இல்லாத படிப்பு என்று சொல்ல மாட்டேன். ஒரு பிள்ளைக்கு ஒரு கணினி வேண்டும், பிரிண்டரில் இங்க் வேண்டும், கம்ப்யூட்டர் சாரை கிரைண்டர் பக்கம் அனுப்பாமல் இருக்க வேண்டும், புத்தகத்தில் இருக்கும் மென்பொருள் படிக்கிற பிள்ளையைவிட வயதில் சின்னதாக இருந்தால் நல்லது. எழுபதையும் இருபதையும் இடம் மாற்றிப் போட்டால் இன்னும் நல்லது. இத்தனையும் இல்லாமலே இந்தப் பிரிவு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆட்களைத் தயார் செய்து அனுப்பியிருக்கிறது என்றால், இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கல்வித்துறை யோசிக்கட்டும்.

பெற்றோருக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். உங்கள் பிள்ளை தொழிற்கல்வி எடுக்கிறேன் என்றால் துக்கமுகம் காட்டாதீர்கள், கேட்டதைப் போட்டுக் கொடுங்கள். பின்னால் அந்தப் பிள்ளைக்கே கல்யாணம் வைத்துப் பத்திரிகை அடிக்க எங்கள் கடைக்கு வரும்போது, தாய்மாமன் இனிஷியலை மட்டும் வீட்டிலேயே கேட்டுச் சரியாக எழுதிக்கொண்டு வாருங்கள். பிளேட் போட்ட பிறகு வந்தால் எந்தக் குரூப் படித்தவராலும் ஒன்றும் செய்ய முடியாது.